சுவரில் வந்தமரும் அந்துப்பூச்சிகள்

நுழையும்முன்

பட்டாம்பூச்சியைக் கண்டால் நின்று பார்க்கிறோம். அந்துப்பூச்சியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிறோம். உறவுமுறையில் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த பூச்சிகள். வீட்டுத் தோட்டத்து அந்துப்பூச்சிகளை வரவழைத்துப் பார்ப்பது எப்படி, இனங்காண்பது எப்படி, அவ்வறிவு வீட்டுக்கும் வயலுக்கும் எவ்வாறு பயன்படும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பின்கட்டைக் கடந்தால்

காரைக்குடியின் பழைய வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீண்டு, பெரும்பாலும் அடுத்த தெருவில் போய் முடியும். பின்கட்டைக் கடந்தால் கிணற்றடியும் அதனை ஒட்டிய தோட்டமும் இருக்கும். முருங்கை, நந்தியாவட்டை, செவ்வரளி, பவளமல்லி, வேலியில் படர்ந்த சீந்தில், மூலையில் தானே முளைத்த ஆமணக்கு எனச் செம்மண் நிலத்துக்கு உரிய செடிகொடிகளே அங்கு மிகுதி. மழை பெய்து ஓய்ந்த இரவில் பின்வாசல் விளக்கைப் போட்டுவைத்தால், சிறிது நேரத்தில் சுண்ணாம்புச் சுவரில் பழுப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சிறகுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். செட்டிநாட்டு வெண்சுவரைவிடச் சிறந்த பார்வைத் திரை வேறில்லை.

அந்து என்னும் சொல் நெற்குதிரில் தோன்றி மணியைக் கூடாக்கும் சிறு பூச்சியையே முதலில் நினைவூட்டும். அதனால்தானோ என்னவோ, அப்பெயர் தாங்கிய அனைத்தையும் கேடு செய்வனவாகக் கருதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் செதிலிறகிகள் என்னும் வரிசையைச் சேர்ந்தவை. உலகில் பெயரிடப்பட்டுள்ள செதிலிறகிகள் ஒன்றரை இலட்சம் வகைகளுக்கும் மேல். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகளே. இந்தியாவில் பட்டாம்பூச்சிகள் சற்றேறக்குறைய 1,300 வகை என்றால், அந்துப்பூச்சிகள் 10,000 வகைக்கும் மேல். காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையின் இழையும் ஓர் அந்துப்பூச்சியின் புழு நூற்ற கூட்டிலிருந்து வந்ததே.

பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்போ நூல்போலவோ இறகுபோலவோ அமைந்திருக்கும். அமரும்போது முன்னது சிறகுகளை முதுகின்மேல் கூப்பிவைக்கும். பின்னது பெரும்பாலும் கூரைபோல் சாய்த்தோ தட்டையாக விரித்தோ வைக்கும். பகலில் பறப்பது, இரவில் பறப்பது என்னும் வேறுபாடு எப்போதும் கைகொடுக்காது. பட்டப்பகலில் பூக்களின்முன் அந்தரத்தில் நின்று தேன் உண்ணும் அந்துப்பூச்சிகளும் உண்டு.

விளக்கை நாடுவது ஏன்?

விளக்கில் விழும் விட்டில் என்பது ஆசையால் அழிவோருக்குத் தமிழில் வழங்கும் பழைய உவமை. ஆயினும் விட்டிலை இழுப்பது ஆசையன்று. நிலவைக் கொண்டு திசையறியும் பூச்சி விளக்கை நிலவென மயங்குகிறது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். 2024-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான ஆய்வொன்று வேறொரு விடையைத் தந்தது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலிய ஆய்வாளர்கள் பூச்சிகளின் பறத்தலை அதிவேகப் படக்கருவிகளால் பதிவுசெய்தனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பறக்கவில்லை; தம் முதுகை விளக்கின் பக்கம் திருப்பியவாறே பறந்தன. இயற்கையில் இரவிலும் வானமே நிலத்தைவிட வெளிச்சமானது. ஆகவே வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் உடல் தடுமாறாது. பக்கத்தில் எரியும் விளக்கு அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. பூச்சி விளக்கைச் சுற்றிச்சுற்றி வருகிறது. விளக்கின் மேலாகப் பறந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. விளக்கு அதற்கு ஒரு சிறை என்பதே பொருத்தம். இவ்வொழுங்குக்கு உட்படாதவற்றுள் ஒன்றாக அவ்வாய்வு காட்டியது அரளிப் பருந்து அந்துப்பூச்சியை. காரைக்குடித் தோட்டங்களின் அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்வதும் அதுவே.

பொறி அமைத்தல்

பொறி என்றதும் கொல்லும் கருவி எனக் கருத வேண்டியதில்லை. பழைய வெள்ளை வேட்டியொன்றைக் கொடிக்கயிற்றில் விரித்துக் கட்டி, அதன் முன்னே விளக்கைத் தொங்கவிட்டால் போதும். அந்துப்பூச்சிகளின் கண் புற ஊதாக் கதிர்களை நன்கு உணரும். ஆதலால் ஆய்வாளர்கள் பாதரச ஆவி விளக்கையோ புற ஊதாக் குழல்விளக்கையோ பயன்படுத்துவர். வீட்டு எல்.இ.டி. விளக்கில் அக்கதிர் மிகக் குறைவு. எனவே வரவும் குறையும். இரவு முழுதும் விழித்திருக்க இயலாதோர் வாளியின் வாயில் புனலைப் பொருத்தி, அதன்மேல் விளக்கை நிறுத்தி, உள்ளே முட்டை அட்டைகளை அடுக்கிவைப்பர். புனல் வழியே வழுக்கி விழும் பூச்சிகள் அட்டைக் குழிகளில் ஒண்டி உறங்கும். விடியலில் அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, படமெடுத்து, செடிப்புதர் நிழலில் விட்டுவிட வேண்டும். வெட்டவெளியில் உதறினால் கரிச்சானுக்கும் கொண்டைக்குருவிக்கும் காலை விருந்தாகிவிடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகளில் பொறி வைத்தால் அவை வாளியருகே வந்து காத்திருக்கவும் பழகிவிடும்.

விளக்கை நாடாத வகைகளுக்கு இனிப்பே வழி. அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைப் பனைவெல்லத்துடன் பிசைந்து, ஓரிரு நாள் புளிக்கவைத்து, மாலையில் மரப்பட்டையில் பூசிவிட்டால், பழச்சாறு உண்ணும் இனங்கள் இரவில் தேடிவரும்.

முழுநிலவு நாளில் வரவு குறையும். காற்றில்லாத, புழுக்கமான, நிலவற்ற இரவே ஏற்றது. காரைக்குடியில் கோடைமழைக்குப் பிந்தைய நாள்களும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் சிறந்தவை. புற ஊதா விளக்கை நேரே உற்றுநோக்கலாகாது. மழையில் மின்கம்பியைத் திறந்துவைக்கலாகாது. செம்மையும் கருமையும் மாறிமாறி அமைந்த, எறும்பை ஒத்த சிறு வண்டொன்றும் விளக்குக்கு வரும். அதனைத் தோலில் வைத்து நசுக்கினால் கொப்புளம் எழும். ஊதித் தள்ளுவதே தக்கது.

இனங்காணல்

முதலில் வருபவர் நிறத்தையே பார்ப்பர். தேர்ந்தவர் அமர்ந்திருக்கும் கோலத்தைப் பார்ப்பர். சிறகைப் பின்னோக்கி மடக்கி வானூர்திபோல் அமர்ந்தால் அது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். நான்கு சிறகையும் விரித்துச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தால் காவடிப்புழுக்களாய் வளர்ந்தவற்றுள் ஒன்றாகலாம். உடலையும் சிறகையும் சேர்த்து ஆங்கில எழுத்தாகிய ‘டி’ போல நின்றால் இறகு அந்துப்பூச்சி. காய்ந்த இலை ஒன்று சுவரில் ஒட்டியதுபோல் தோன்றி, தொட்டதும் பின்சிறகில் செம்மஞ்சள் நிறத்தையும் கரும்புள்ளியையும் காட்டுவது கனி துளைக்கும் அந்துப்பூச்சி. அதன் புழு வேலிச் சீந்திலை உண்ணும். வளர்ந்த பூச்சி எலுமிச்சை, மாதுளைக் கனிகளில் துளையிட்டுச் சாறு குடிக்கும். வெண்சிறகில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளியிட்ட சிறு பூச்சி கிலுகிலுப்பைச் செடிக்கு உரியது. அச்செடியின் நச்சுப் பொருளைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனைத் தவிர்க்கின்றன. அந்தப் பகட்டான நிறம் அழகுக்கன்று, எச்சரிக்கைக்கு.

ஆகவே பூச்சியை அறிய விரும்புவோர் செடியையும் அறிந்தாக வேண்டும். நந்தியாவட்டை இலைகள் ஒரே இரவில் குறைந்தால் கிளையில் தேடலாம். பச்சை உடலும் வாலில் சிறு கொம்பும் கொண்ட புழு அங்கே இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்துத் தோளைப் புடைத்து, நீலநிறக் கண்போன்ற இரு புள்ளிகளைக் காட்டி அச்சுறுத்தும். பாம்போ என அஞ்சி அடிப்போரும் உளர். அது கடிக்காது, கொம்பில் நஞ்சும் இல்லை. உண்ட இலைகளை நந்தியாவட்டை மீண்டும் துளிர்த்துவிடும். அப்புழுவே பாசிப்பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குக்கல்லில் ஓடிய கோடுகள்போல் கலந்த சிறகோடு அந்திப்பொழுதில் பூக்களைத் தேடி வருகிறது. முருங்கையின் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்புழுக்களோ வேறு வகை; அவற்றின் மயிர் பட்டால் தோல் தடிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரே மருந்தைத் தெளிப்பதுதான் பல தோட்டங்களில் நடக்கிறது.

குறிப்பேட்டில் நாள், நேரம், விளக்கின் வகை, நிலவின் நிலை, மழை, முன்சிறகின் நீளம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். படத்தில் ஓர் அளவுகோல் இருப்பது நன்று. நிறம் கிழடு தட்டி உதிர்ந்த பூச்சியையும், உள்ளுறுப்புகளை ஆராய்ந்தாலன்றிப் பிரிக்க இயலாத இனங்களையும் குடும்பப் பெயரோடு நிறுத்திவிடுவதே நேர்மை. துணியாமல் எழுதிய குடும்பப் பெயர், துணிந்து எழுதிய தவறான இனப்பெயரைவிட மேலானது.

வயலில் விளக்கு

தென்னிந்திய மானாவாரி நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மாதக்கணக்கில் மண்ணுள் உறங்கும். நல்ல மழை பெய்ததும் தாய் அந்துப்பூச்சிகள் ஒருசேர வெளிவரும். அந்தச் சில இரவுகளில் விளக்குப்பொறியோ சொக்கப்பனை போன்ற தீமூட்டமோ வைத்தால், முட்டையிடும் முன்பே பெரும்பகுதியைத் தடுக்கலாம். தவறவிட்டால் பின்னர் வயல் வயலாக மருந்தடிக்க நேரும். நெல்லில் தண்டுத் துளைப்பானின் பெண் பூச்சி மஞ்சள் சிறகின் நடுவே ஒரு கரும்புள்ளி உடையது. பொறியில் அதன் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தே மருந்து வேண்டுமா வேண்டாமா என முடிவுசெய்யலாம். ஒரு புள்ளியை அடையாளம் காணத் தெரிந்த உழவருக்கு ஒரு தெளிப்பின் செலவு மிஞ்சும். அதேவேளை வயல் விளக்கை இரவு முழுதும் எரியவிடுவது நன்மை செய்யும் பூச்சிகளையும் வாரிக்கொள்ளும். முன்னிரவில் சில மணிநேரமே போதுமானது.

1914-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளர் பெயின்பிரிக் ஃபிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெருநூல் இத்தகைய பயிர்ப்பூச்சிகளைத் தொகுத்தது. அதற்கு முன்பே, நீலகிரியில் தேயிலை பயிரிட வந்து அந்துப்பூச்சிகளில் மனம் தோய்ந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்திய அந்துப்பூச்சிகளை வரிசைப்படுத்தினார். பெயர்களெல்லாம் இலத்தீனில், விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்.

எண்ணிவைத்தல்

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1933-இல் விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணத் தொடங்கினர். 1960-களிலிருந்து நாடெங்கும் அவ்வகைப் பொறிகள் பரவின. அரை நூற்றாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, பிரித்தானியாவின் பெரிய அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரியவந்தது. எண்ணாமல் இருந்திருந்தால் அந்த இழப்பு நிகழ்ந்ததே யாருக்கும் தெரிந்திராது.

காரைக்குடியிலும் கிணற்றடி சிமெண்டுத் தளமாகிறது. வேலிச் சீந்தில் சுற்றுச்சுவராகிறது. விடியவிடிய எரியும் ஒளிவிளக்குகள் மாடிதோறும் ஏறுகின்றன. இம்மாற்றங்களுக்கு இடையே ஒரு வீட்டின் பின்வாசலில் மாதம் ஒருமுறை பொறி வைத்து எழுதிய குறிப்பேடு, பத்தாண்டுகளில் அந்தத் தெருவின் வரலாறாகிவிடும். ஆண்டுதோறும் சூலை மாதக் கடைசி வாரம் உலகின் பல நாடுகளில் அந்துப்பூச்சி வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2012-இல் அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்தில் தொடங்கிய இவ்வழக்கத்தில் இந்தியரும் பங்குகொள்கின்றனர். பள்ளிகள் தொடங்குவதற்கு அது ஏற்ற காலம்.

பெயரிடும் பணியும் எஞ்சியுள்ளது. உழவர் வழக்கில் காவடிப்புழு, கம்பளிப்புழு, குருத்துப்பூச்சி என அருமையான பெயர்கள் உள்ளன. ஆனால் அவை பயிரைத் தின்பவற்றுக்கு மட்டுமே. பயிரைத் தொடாத ஆயிரக்கணக்கான இனங்களுக்குத் தமிழில் இன்னும் பெயரில்லை. கிலுகிலுப்பை அந்து, சீந்தில் அந்து, நந்தியாவட்டைப் பருந்து என்று செடியின் பெயரால் அழைத்துத் தொடங்கலாம். செடியைச் சொன்னால் பூச்சியை எங்கே தேடுவது என்பதும் அப்பெயரிலேயே அடங்கிவிடும்.