முத்துக்குளித்துறை – 12: ஓரிரு இடங்களில் லேசான மழை

கார்த்திகை பிறந்துவிட்டால் தூத்துக்குடிக்கான வானிலை அறிக்கையில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும். ஓரிரு இடங்களில் லேசான மழை, அதிகாலையில் லேசான பனிமூட்டம். வேறு ஊர்க்காரர்கள் இதற்குக் குடையைக்கூட எடுக்க மாட்டார்கள். இங்கே பலருடைய அன்றாடக் கூலி இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது லேசான மழை. ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேல் போகாது. ஒன்றரை சென்டிமீட்டர் மழையில் ஸ்ரீவைகுண்டத்து வாழைக்கும் ஏரல் பக்கத்து நெல்லுக்கும் இலைதான் நனையும். உப்பளத்துக்கு அதுவே பெருமழை. நிலத்தடி உவர்நீரையோ கடல்நீரையோ தெப்பத்தில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, 25 டிகிரி அடர்த்திக்கு ஏற்றினால்தான் பாத்தியில் உப்பு இறங்கும். நாள்கணக்கில் காய்ந்து ஏறிய அந்த டிகிரியை ஒரு மணி நேரத் தூறல் இறக்கிவிடும். பாத்தியில் பூத்திருந்த உப்பும் கரைந்துபோகும். அதனால்தான் ஐப்பசியிலேயே அளங்களில் வேலை நின்று, வாரிய உப்பெல்லாம் அம்பாரமாகக் குவிக்கப்பட்டு ஓலையும் தார்ப்பாயும் போர்த்திக் கிடக்கிறது. மழைக்கால நிவாரணமாக அரசு கொடுக்கும் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை வாரம் ஓட்டும் என்பதை யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

துறைமுகத்திலும் இதே கதைதான். யூரியாவோ தானியமோ இறங்கிக்கொண்டிருக்கும்போது நாலு துளி விழுந்தால் கப்பலின் ஹேட்ச்சை மூடியாக வேண்டும். வானம் வெளுக்கும்வரை கிரேன் சும்மா நிற்கும், லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

பனிமூட்டம் கடற்கரையை அதிகம் அண்டுவதில்லை. தரை இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அப்படிக் குளிராது. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அடங்கிய மார்கழி இரவுகளில் தாமிரபரணிக் கரை வயல்களிலும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும்தான் மூட்டம் இறங்குகிறது. கடலோரத்தில் வாடைக்காற்று அதைத் தங்கவிடாது. கடலுக்குள் போகிறவர்களின் கவலை வேறு. ஆறு கொண்டுவரும் கலங்கலும் வாடை கிளப்பும் அலையும் சேர்ந்தால் சங்குகுளிப்பவருக்கு அடியில் கைகூடத் தெரியாது. அந்தக் காலத்து முத்துக்குளிப்பையும் இதனால்தான் பங்குனி, சித்திரையை ஒட்டி வைத்தார்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவில் கடல் அமரும் காலம் அது. அரசு நடத்திய கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது.

வருடத்துக்குச் சுமார் 65 சென்டிமீட்டர் மழை பெறும் மாவட்டம் இது. மேற்கே தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுக்கிறது, கிழக்கே இலங்கை குறுக்கே கிடக்கிறது. அதனால் ‘நமக்கு எங்கே அண்ணாச்சி பெருமழை’ என்று சொல்லிப் பழகிய ஊர்கள் இவை. 1992 நவம்பரில் புயல் தூத்துக்குடி அருகே கரை கடந்து, தாமிரபரணி பெருக்கெடுத்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

2023 டிசம்பர் 17-இல் அது மாறியது. வந்தது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருடத்து மழையும் அதற்கு மேலும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. முன்கூட்டியே சரியாக எச்சரித்தார்களா என்று மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் பல நாள் வாக்குவாதம் நடந்தது.

என்னை உறுத்துவது அந்த வாக்குவாதம் தொடாத ஒன்று. வானிலைத் துறையின் அளவுகோலில் அதி கனமழை 20.45 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. அதற்கு மேல் இத்தனை சென்டிமீட்டர் என்று வரையறுத்த படி கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் 95-க்கும் ஒரே சிவப்பு நிறம், ஒரே சொல். கீழ்ப்படியிலும் இதே கோளாறுதான். 3 மில்லிமீட்டருக்கும் 15-க்கும் ஒரே ‘லேசான’. அளத்துக்காரருக்கு வேண்டியது மாவட்டம் முழுவதற்குமான பொதுச்சொல் இல்லை, முள்ளக்காட்டில் பிற்பகலில் எத்தனை மில்லிமீட்டர் என்பது.

அப்படிச் சொல்லக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும். காரைக்கால் ரேடார் இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில், பூமியின் வளைவால், அதன் அலைக்கற்றை நம் தலைக்கு மேல் ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். தாழ்வான மேகம் அதற்குக் கீழே மழையைக் கொட்டிக்கொண்டிருக்கும். திருவனந்தபுரத்து ரேடார் பக்கம்தான், ஆனால் இடையில் மலை நிற்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு டாப்ளர் ரேடார் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கிருந்து தூத்துக்குடி நூறு கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தில் அலைக்கற்றை ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடும், மன்னார் வளைகுடாவிலிருந்து கரையேறும் மழைமேகத்தை வயிற்றுப்பகுதியிலேயே பிடித்துவிடலாம்.