தலைதட்டி அளந்த எழுத்து

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: “ஒரு ஃபைலில் எந்த பைட் எத்தனை முறை வருகிறது என்று எண்ண, சி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ராஸ்பெரி பையில் ஒழுங்காக ஓடுகிறது. லேப்டாப்பில் ஆங்கிலம் கொடுத்தால் சரி, தமிழ் கொடுத்தால் மட்டும் கணக்கு தப்புகிறது. தப்பு யாருடையது?”

‘நெல்லை’ என்று அடித்துப் பார்ப்போம். யுடிஎஃப்-8 முறையில் அது 18 பைட். முதல் மூன்று பைட்டுகள் 224, 174, 168. இதில் 224 என்பது 11100000. இந்த எட்டு பிட்டையும் அப்படியே கூட்டினால் 224. முதல் பிட்டின் மதிப்பை மட்டும் கூட்டாமல் கழித்தால் அதே பைட் −32. சி மொழியில் ஒரு பைட்டை வைத்திருக்கும் ‘கேர்’ வகையை ராஸ்பெரி பையின் ஆர்ம் சிப்பில் முதல் விதமாகப் படிக்கிறார்கள். இன்டெல் லேப்டாப்பில் இரண்டாவது விதமாக. மாணவியின் பட்டியலில் 0 முதல் 255 வரை கட்டங்கள் இருக்கின்றன. லேப்டாப்போ −32-ஆம் கட்டத்தைத் தேடிப் போய், பட்டியலுக்கு முன்னால் வேறெதற்கோ ஒதுக்கிய நினைவகத்தில் கை வைக்கிறது. ஆங்கில ‘ஏ’ 65 என்பதால் எப்படிப் படித்தாலும் 65தான்.

கன்னடியன் கால்வாய்ப் பக்கம் பிசான அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கால் ஒன்றேதான். ஒருவர் கோலால் தலைதட்டி அளக்கிறார், இன்னொருவர் கோபுரமாகக் குவித்து அளக்கிறார். விளிம்புக்குக் கீழே இருக்கும் நெல்லில் இருவருக்கும் தகராறு இல்லை, சண்டையெல்லாம் விளிம்புக்கு மேலேதான். பைட்டுக்கு அந்த விளிம்பு 127. ஆங்கில எழுத்து எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் அதைத் தாண்டித்தான் நிற்கும்.

வரலாறு சுருக்கமானது. சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணினி, பைட்டை எடுக்கும்போதே அதன் முதல் பிட்டை நீட்டி நிரப்பியது. ஆரம்பகால ஆர்ம் சிப்புகள் சுழியத்தால் நிரப்பின. அவரவர் வழக்கம் அவரவருக்கு என்று 1989-இன் சி மொழித் தர விதியும் விட்டுவிட்டது.

மாணவியின் புரோகிராமில் இது ஒரு தவறான கணக்கோடு போகும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அப்படி விட முடியாது; அதே மூலநிரல் போனிலும் ரூட்டரிலும் சூப்பர் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. டிரைவர் எழுதுபவர் ‘மதிப்பு இல்லை’ என்பதற்கு −1 என்று வைத்து, ‘சுழியத்துக்குக் கீழா?’ என்று சோதிக்கிறார். இன்டெல்லில் வேலை செய்கிறது. ஆர்மில் அது 255 ஆகிவிடுவதால் அந்தச் சோதனை ஒருநாளும் பலிக்காது. வைஃபை டிரைவர் ஒன்றில் இந்தச் சிக்கலைக் கண்ட கெர்னல் நிரலாளர் ஜேசன் டோனன்ஃபெல்ட், 2022 அக்டோபரில் எல்லாச் சிப்பிலும் கேரைக் குறியோடு படிக்கலாம் என்றார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திருப்பி, குறியே வேண்டாம் என்றார். 2023 பிப்ரவரி 19 அன்று வந்த 6.2 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள் எங்கும் தலைதட்டுதான். குவித்து அளக்க வேண்டிய இடங்களைத் தேடிப்பிடித்து, ‘இது குறியோடு’ என்று நிரலில் வெளிப்படையாக எழுதினார்கள். களத்தில் குவித்து அளப்பவர், அளக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவது போல.

சுதேசி சிப் என்று செய்தி வரும்போதெல்லாம், இனி எல்லா மென்பொருளும் இதில் ஓடும் என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். ஐஐடி மெட்ராஸின் சக்தி சிப் 2018-இல் லினக்ஸை ஏற்றி ஓட்டியது பெரிய சாதனை. ஆனால் அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் கட்டமைப்பின் உலகிலும் கேருக்குக் குறி கிடையாது. இன்டெல்லில் மட்டும் ஓட்டிப் பழகிய மென்பொருள் அங்கே போனால் இதே இடத்தில் தடுக்கும். சிப்பை வார்ப்பது பாதி வேலை. ஒரு பைட்டை எல்லாரும் ஒரே மாதிரி படிக்க வைப்பது மீதிப் பாதி. அதற்கு விழா எடுப்பாரில்லை என்பதால் அது சின்ன வேலை ஆகிவிடாது.

கெர்னலின் இந்த முடிவு கெர்னலுக்குள் மட்டும்தான் செல்லும். அதனால் மாணவி தன் நிரலில் கேருக்கு முன்னால் ‘அன்சைன்ட்’ (குறியற்றது) என்று எழுதிவிட வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். எந்த நிரலை எழுதினாலும் முதல் சோதனையாகத் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுக்கட்டும். ஆங்கிலம் மட்டுமே கொடுத்துப் பார்ப்பவர் கண்ணில் படாத பிழை, அந்த 18 பைட்டில் சிக்கிவிடும்.