வேப்ப எண்ணெய் பிரிந்து மிதப்பது ஏன்?

செடிகளுக்குத் தெளிக்க, தண்ணீரில் கலக்கும் வேப்ப எண்ணெயை இப்போது மளிகைக் கடைகளிலும் கேட்கிறார்கள். சித்திரை, வைகாசி வந்தால் இந்தச் சரக்கு திரும்பி வருவதும் வழக்கம். "தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கிறது, கலப்படம்" என்பார் விவசாயி. சில்லறைக் கடைக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பாட்டிலை எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் தள்ளுவார். பல சமயம் குற்றம் எண்ணெயில் இல்லை, தண்ணீரின் சூட்டில்தான் இருக்கிறது.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது எமல்சிபையர். சோப்பும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் நம் பக்கத்துக் கடினமான போர் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும். அயனி இல்லாத வகை எமல்சிபையர் திரியாது. அதிலும் ஒன்றைப் போடுவதைவிட, எண்ணெயை நாடுவது ஒன்று, தண்ணீரை நாடுவது ஒன்று என்று இரண்டைக் கலந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

இதற்கு 1949-இல் அமெரிக்காவின் கிரிஃபின் ஓர் எண் கணக்கு கொடுத்தார். ஸ்பான் 80-க்கு 4.3, ட்வீன் 80-க்கு 15. பாதிக்குப் பாதி கலந்தால் 9.65. இரண்டு விலை அரிசியைக் கலந்து சராசரி விலை போடுகிறோமே, அதே கணக்குத்தான்! எந்த எண்ணெய்க்கு எந்த எண் பொருந்தும் என்று பார்த்துத் தயாரிப்பாளர் கலக்கிறார்.

ஆனால் அரிசிக் கணக்கு வெயிலில் மாறாது, இது மாறும். இந்த வகை எமல்சிபையர் குளிர்ந்த நிலையில் தண்ணீரைப் பற்றிக்கொள்ளும். சூடு ஏற ஏற அந்தப் பற்று தளர்ந்து எண்ணெய்ப் பக்கம் சாயும். ஜப்பானியர் ஷினோடா 1960-களில் இதை விளக்கினார். மாறும் வெப்பநிலையில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவே இரண்டும் கலந்த மூன்றாவது அடுக்கு என்று பிரிந்து நிற்கும். அந்தச் சமயத்தில் பால் போன்ற கலவை சீக்கிரம் உடையும். தண்ணீரில் உப்பு இருந்தால் குறைந்த சூட்டிலேயே இது நடக்கும். உடைந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தால் இலை கருகும். விவசாயி கோபப்படுவதில் நியாயம் உண்டு.

ஆகவே பாட்டில் திரும்பி வந்தால் உடனே வாக்குவாதம் வேண்டாம். பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து, சில சொட்டு விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். வெண்மையாக நின்றால் சரக்கு நல்லது. மொட்டை மாடித் தொட்டியில் சுட்ட தண்ணீரை விட்டுவிட்டு, காலையில் கலக்கச் சொல்லுங்கள். பானைத் தண்ணீரிலும் எண்ணெய் மிதந்தால் பில்லோடு எங்களிடம் அனுப்புங்கள். மார்கழியில் பாட்டிலுக்குள் உறைவது வேறு சங்கதி. இளவெயிலில் வைத்துக் குலுக்கினால் போதும்.