பையன் எடை குறைக்கிறானா? கவனியுங்கள்!

விடிகாலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடுகிறானா உங்கள் பையன்? கல்லூரி மல்யுத்தம் போதும், ‘இனி எம்.எம்.ஏ.தாம்மா, அதுலதான் காசு’ங்கிறானா? பதறாதீங்க. ஹரியானாவின் ரிது போகத் 2019-ல் அப்படித்தான் போனார். 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி வரை வந்தவரை, தாய்லாந்தின் ஸ்டாம்ப் கையைப் பூட்டி மடக்கினார். மல்யுத்தத்தில் அனுமதியில்லாத பிடி அது!

அடியைவிட எனக்குப் பயம், எடை குறைப்பதில்தான். போட்டிக்கு முன் தண்ணீரை நிறுத்தி, வியர்க்க வியர்க்க ஓடுவார்கள். ரத்தம் கெட்டியாகும், இதயம் திணறும். 2015-ல் இதே அமைப்பின் சீன வீரர் யாங் ஜியான் பிங், எடை குறைக்கும்போது 21 வயதில் இறந்தார். அப்புறம்தான் சிறுநீர்ப் பரிசோதனை வந்தது.

சீசன் சாரலில் ஓடினால் தாகமே தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகுதான்னு வெட்கப்படாமல் கேளுங்கள்.