கை என்னும் கருவி – 7: வேலூர்ப் பூனைகள்

உடல் கட்டமைப்பு, உடல் செயல்பாடு, செயல் திறன் ஆகிய மூன்றையும் ஆக்குபேஷனல் தெரபி தனித்தனியாகவே எடைபோடுகிறது. எலும்பு, நரம்பு, தசைநாண் எல்லாம் கட்டமைப்பு. தசையின் பலம், தொடுவுணர்வு, வலி ஆகியவை செயல்பாடு. இந்தப் பகுப்பு உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற வகைப்பாட்டிலும் உள்ளது. பிடிப்பது, திருப்புவது, வேண்டிய அளவுக்கு மட்டும் அழுத்துவது என வேலையின் நடுவே கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடியவை செயல் திறன். பெத்தாங்க் என்ற குண்டெறியும் விளையாட்டின் ஆட்டக்காரர் ஒருவரின் கையை வைத்து இவை சென்ற வாரமே பிரித்துக் காட்டப்பட்டன. அதற்கு மேல் இங்கே இடமில்லை.

கட்டமைப்பும் பலமும் சரியாக இருந்தால் திறனும் தானாக வந்துவிடும் என்ற கணக்கைத் தொழுநோய் அளவுக்குப் பொய்யாக்கிய நோய் குறைவு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டில், ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி தாங்க முடியாத பிடி!

முழங்கையருகே அல்நார் நரம்பு கெடும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்குகின்றன. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றின் தசைநாணைப் பிரித்து, வேறு வழியாகக் கொண்டுபோய் விரல்களில் தைத்தார் பிராண்ட். கட்டமைப்பு சீரானது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்ததும் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு விரலை மடக்கி வந்த தசை இப்போது வேறு வேலைக்கு மாற்றப்பட்டது மூளைக்குத் தெரியாது. பழைய விரலை மடக்க நினைத்து, எது அசைகிறது என்று கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். பிறகுதான் பொருளை எடுப்பதும் சோற்றைப் பிசைவதும்.

பலம் இருந்தும் திறன் இல்லாத நிலைக்கு பிராண்ட் எழுதிய பூட்டுக் கதையே சான்று. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப அவரால் முடியவில்லை; தொழுநோயாளியான சிறுவன் ஒருவன் சட்டென்று திருப்பிவிட்டான். அவன் விரலோ எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. போதும், நிறுத்து என்று சொல்லும் வலி அவனுக்கு இல்லை.

இனி பூனைகள். அறுவைக்குப் பின் தேறிய சிலரின் விரல்கள் ஒரே இரவில் குறைந்துபோயின. நோய்தான் விரலைத் தின்கிறது என்பது பழைய நம்பிக்கை. இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது: எலி. உறங்குபவர் விரலை எலி கடித்தாலும் உணர்வு இல்லாததால் அவர் விழிப்பதில்லை. எனவே வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். தசைநாண் அறுவையைப் பற்றி மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. பூனைக்கு அங்கே இடமில்லை. ஆனால் இழந்த உணர்வின் வேலையை வெளியே இருக்கும் ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்ற ஆக்குபேஷனல் தெரபியின் அடிப்படை அதில் முழுசாக இருக்கிறது.

உளிக்கும் அரிவாளுக்கும் தடித்த மரப்பிடி, சூடான பாத்திரத்துக்குத் துணி, ஒவ்வொரு மாலையும் இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்துச் சிவப்போ கொப்புளமோ தேடும் பழக்கம் ஆகியவையும் இதே வகைதான். டீக்கடைக் கண்ணாடி டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் பிடிப்பது, சூட்டை உணரும் கைக்குத் தானாக வரும். உணர்வற்ற கை அதைக் கண்ணால் கற்க வேண்டும், இல்லையென்றால் பிடி வைத்த கோப்பையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டு வாங்குவதும் ஒரு செயல் திறன்தான். 2020-இல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் வெளியிட்ட நடைமுறைச் சட்டகத்தின் நான்காம் பதிப்பு, அசைவுத் திறனோடு வேலையை ஒழுங்குபடுத்தும் திறனையும் பிறரோடு பழகும் திறனையும் சேர்த்தே வைக்கிறது. இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த அவ்விரண்டின் இடத்தையும் பூனை எடுத்துக்கொண்டது. அவை அடுத்த இதழில்.