ஆய்வு யாருக்குப் பயன்படுகிறது?

"பையன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான்" என்று ஒருவர் சொன்னால், நம்மில் பலர் உடனே கேட்கும் கேள்வி என்ன? "அப்படியா, எப்போது வேலைக்குப் போவான்?" என்பதுதான். ஆராய்ச்சி என்றால் நூலகத்தில் தூசு படியும் தடித்த புத்தகம், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் சரிதானா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இதற்கு அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை. நாம் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம்.

பால்மரம் சொன்ன பாடம்

முதலில் நமக்கு நன்கு பழக்கமான பால்மரம். தென்னமெரிக்கக் காட்டு மரமான ரப்பரின் கன்றுகள், லண்டனின் கியூ தாவரத் தோட்டம் வழியாக 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரம் வந்துவிட்டது, ஆனால் அதை எப்படிச் சீவுவது? பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டு நலிந்தது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, இந்த மரங்களை வைத்துத் தொடர்ந்து சோதனை செய்தார். புதிய இடத்தில் வெட்டாமல், முன்பு வெட்டிய அதே கோட்டின் ஓரத்தில் மெல்லிய பட்டையை மட்டும் சீவினால் பால் கூடுதலாக வடிகிறது, மரமும் சாவதில்லை என்று கண்டறிந்தார். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் சீவினால் பால் நன்றாக இறங்கும் என்பதையும் அவர் சோதனைகள் காட்டின. காப்பி பயிரிட்டுக் கொண்டிருந்த தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதைகளைத் திணித்துக் கொண்டே திரிந்ததால், அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வந்தது. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போனதற்குப் பின்னால், ஒரு தாவரவியலாளரின் பொறுமையான சோதனை இருந்தது.

செம்பனையும் சிறு வண்டும்

அடுத்தது செம்பனை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை மலாயாவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் பயிரிடத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு சிக்கல். இங்குப் பல இடங்களில் குலைகளில் காய்பிடிப்பு குறைவாக இருந்தது. செம்பனையில் ஆண் பாளை வேறு, பெண் பாளை வேறு. ஆண் பாளையின் மகரந்தம் பெண் பாளைக்குப் போய்ச் சேர வேண்டும். காற்றுதான் அதைக் கொண்டு போகிறது என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். இந்த நாட்டில் காற்று போதவில்லை என்றால் மனிதன்தானே அந்த வேலையைச் செய்ய வேண்டும்?

அப்படித்தான் செய்தார்கள். சேகரித்த மகரந்தத்தை டால்க் தூளில் கலந்து, தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பாளைகளின் மீது கையால் ஊதினார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில், ஒவ்வொரு பாளையும் பூக்கும் நாளைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. பெரிய செலவு, ஓயாத உழைப்பு.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட அதிகாரியான லெஸ்லி டேவிட்சன், ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் வேலை பார்த்தவர். அங்கே யாரும் மகரந்தம் ஊதவில்லை. ஆனாலும் குலைகள் நிறையக் காய்த்தன. பாளைகளில் சிறு பூச்சிகள் மொய்த்துக் கொண்டிருந்தன. காற்றுதான் காரணம் என்றால் இந்தப் பூச்சிகளுக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு, பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையதிடம் வந்தது.

சையது 1970களின் பிற்பகுதியில் கேமரூனில் ஆய்வு செய்து, காற்று அல்ல, மூக்கு நீண்ட சிறிய கூன்வண்டுகளே மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன என்று நிறுவினார். ஆண் பாளை பூக்கும்போது சோம்பு போன்ற ஒரு வாசனை வரும். அதைத் தேடி வரும் வண்டு அங்கே தின்று, முட்டையிட்டு, உடல் முழுவதும் மகரந்தத்தை ஒட்டிக்கொள்ளும். பெண் பாளையும் பூக்கும் சமயத்தில் அதே வாசனையை விடும். ஏமாந்து போகும் வண்டு அங்கே போய் மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும்.

விடை கிடைத்தவுடனே வண்டைக் கொண்டுவந்து விட்டுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வெளிநாட்டுப் பூச்சி உள்நாட்டுப் பயிர்களை அழித்துவிட்டால் என்ன செய்வது? மற்றப் பயிர்களை அது தின்கிறதா, நோய் எதையும் கொண்டுவருகிறதா என்று சோதித்த பிறகே, 1981இல் ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் முதன்முதலாக விட்டார்கள். வண்டுகள் வேகமாகப் பெருகிப் பரவின. காய்பிடிப்பு உயர்ந்தது. கையால் மகரந்தம் ஊதும் வேலை தேவையற்றுப் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வேலை போனது என்றால், அதற்குக் கொடுத்த கூலியும் போனது என்று பொருள். விளைச்சல் கூடிய பலன் எத்தனை பங்கு தோட்டத்துக்கு, எத்தனை பங்கு தொழிலாளிக்கு என்பதை வண்டோ ஆய்வாளரோ முடிவு செய்யவில்லை. ஆய்வு ஒரு சிக்கலைத் தீர்க்கும். அதனால் வரும் நன்மையைப் பங்கிடுவது நிர்வாகம், தொழிற்சங்கம், அரசாங்கம் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு ஆய்வின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

கொசு அல்ல என்றார் ஒரு மருத்துவர்

மூன்றாவது எடுத்துக்காட்டு உயிர் சம்பந்தப்பட்டது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை வீக்கமும் வந்தன. சிலர் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது கொசுவால் பரவும் நோய். எனவே கொசு மருந்து அடித்தார்கள். மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவி, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களில் இன்னும் கடுமையாகத் தாக்கியது.

கண் முன்னே இருந்த சில உண்மைகள் அந்த முடிவோடு ஒத்துப் போகவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே நோயுற்றவர்கள் வளர்ந்த ஆண்கள். கொசு வீடு பார்த்துக் கடிக்காது. ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது, அக்கம்பக்கத்தாருக்கு வரவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். மேலும், மனிதர்களுக்கு முன்னால் பன்றிகளே நோயுற்று, தூரத்தில் கேட்கும் அளவுக்கு இருமின. பண்ணைக்காரர்கள் இவற்றை நேரில் பார்த்தவர்கள்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அது உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய உருண்டைகளாக்கியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. அவர் கிருமி மாதிரியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு எடுத்துச் சென்றார். உலகம் அதுவரை அறியாத ஒரு புதிய கிருமி என்று உறுதியானது. ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமிக்கு அது உறவு. நோயாளியின் ஊர்ப் பெயரால் 'நிப்பா' என்று அழைக்கப்பட்டது.

கேள்வி மாறியதும் நடவடிக்கையும் மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளின் பக்கம் திரும்பினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. 1999இலேயே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள், இந்தியத் தொழிலாளர்களும் இருந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். பிழைத்த பண்ணைக்காரர்கள் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். தவறான விடையோடு கழிந்த ஒவ்வொரு வாரத்துக்கும் எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. பன்றிக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ரா ஆய்வு ஏற்கெனவே பழந்தின்னி வெளவால்களைச் சுட்டிக் காட்டியிருந்தது. ஆய்வாளர்கள் தியோமான் தீவில், வெளவால்கள் தொங்கும் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, அவற்றின் சிறுநீரையும் கடித்துப் போட்ட பழங்களையும் சேகரித்தார்கள். அவற்றில் நிப்பா கிருமி இருந்தது. பன்றிக் கொட்டகையை ஒட்டி நின்ற பழமரங்களுக்கு வெளவால்கள் வந்தன, கடித்த பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது. கொட்டகை அருகில் பழமரம் வைக்காதே என்ற எளிய அறிவுரை இப்படித்தான் பிறந்தது.

இங்கே கற்ற பாடம் வேறு நாடுகளுக்கும் உதவியது. வங்காளதேசத்தில் பன்றியின் வழியாக அல்ல, வெளவால் நக்கிய பச்சை ஈச்சம் பதநீரைக் குடித்ததால் நோய் வந்தது. இரவில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பதநீர் இறக்கும் சிலர் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த மூங்கில் தட்டியை மரத்தில் கட்டினால் வெளவால் நெருங்க முடியாது என்று காட்டினார்கள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா தலைகாட்டியபோது, ஒரு குடும்பத்தின் இரண்டாவது நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே அதை அடையாளம் கண்டுவிட்டார்கள். எதைத் தேட வேண்டும் என்று அப்போது தெரிந்திருந்தது.

காத்திருந்து கிடைத்த தண்ணீர்

எல்லா ஆய்வும் உடனே பலன் தராது. சிங்கப்பூர் 1974இலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு சோதனை ஆலை அமைத்தது. செலவு அதிகம், வடிசவ்வுகளை நம்ப முடியவில்லை. ஆலையை மூடிவிட்டார்கள். அந்த வடிசவ்வுத் தொழில்நுட்பத்துக்கு அடித்தளம் போட்டது, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆய்வு. வடிசவ்வுகள் மேம்பட்டு விலை இறங்கியபோது, சிங்கப்பூர் 2000இல் மீண்டும் முயன்று, 2003 பிப்ரவரியில் நியூவாட்டரை விநியோகிக்கத் தொடங்கியது. 1974இல் 'முடியாது' என்று கோப்பை மூடி மறந்திருந்தால், இது நடந்திருக்காது.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, இந்த நான்கும் வெவ்வேறு துறைகள். ஆனால் நான்கிலும் ஒரே பண்பு இருக்கிறது. மரம், வண்டு, நோயாளி, தண்ணீர் என்று பொருளை நேரில் போய்ப் பார்த்தார்கள். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விடை கண்ணால் காண்பதோடு பொருந்தாதபோது, காண்பதை ஒதுக்காமல் விடையைச் சந்தேகித்தார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ ஆய்வுப் படிப்பை விரும்பினால், "எப்போது வேலைக்குப் போவாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாருடைய சிக்கலுக்கு விடை தேடுகிறாய்?" என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால், அந்தப் படிப்பு வீண்போகாது.

மாணவர்களே, ஆய்வுத் தலைப்பைப் பழைய ஆய்வேடுகளில் மட்டும் தேடாதீர்கள். அப்பா லாரி ஓட்டுபவரா? அம்மா தொழிற்சாலையில் வேலை செய்பவரா? அவர்கள் வேலையில் தினமும் சகித்துக்கொள்ளும் ஒரு தொல்லையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு நல்ல தலைப்பு காத்திருக்கலாம்.

உழைக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். கேள்வித்தாளுடன் ஓர் ஆய்வாளர் உங்களிடம் வந்தால், "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பன்றி இருமியதை முதலில் கேட்டவர் பண்ணையில் நின்றவர்தான். உங்கள் கண் பார்த்ததைச் சொல்லுங்கள். விடையில் பாதி உங்களிடம் இருக்கக்கூடும்.