உஷார் தம்பி, அவன் டீ கொடுக்கிறான்!

பட்டாளத்தில் இருக்கும் தம்பிகளுக்கும், அவர்களை ரயிலேற்றிவிட்டுக் காத்திருக்கும் வீட்டாருக்கும் இதைப் பதறிப்போய்த்தான் எழுதுகிறேன். எதிரி கையில் சிக்கினால் என்ன செய்வது என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. வாயால் சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம். சொல்லாமல் விட்டும் நடக்கத்தான் செய்கிறது. 2019 பிப்ரவரி 27 அன்று நடந்தது.

மிக்-21 பைசன் விமானத்திலிருந்து குதித்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் வசமுள்ள பகுதியில் இறங்கினார். துரத்திய கூட்டத்திடமிருந்து ஓடி ஒரு குட்டையில் குதித்தார், கையிலிருந்த தாள்களில் சிலவற்றை விழுங்கப் பார்த்தார், மற்றவற்றைத் தண்ணீரில் முக்கினார் என்று பாகிஸ்தானின் 'டான்' நாளிதழே எழுதியது. பிடிபடப் போகிறோம் என்று தெரிந்துவிட்ட அந்த ஓரிரு நிமிடத்தில் அவர் நினைப்பு தன் உயிர் மேல் மட்டும் இல்லை, தாள்கள் மேலும் இருந்தது. இன்றைக்கு அந்தத் தாளை விட ஆபத்தானது செல்போன். குடும்பப் படம், கூட இருப்பவர்களின் நம்பர், எந்த நாளில் எந்த ஊரில் இருந்தாய் என்ற தடயம், எல்லாம் அதற்குள் கிடக்கிறது. முன்களத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

ஆனால் பயத்தில் சீருடையையும் அடையாள அட்டையையும் தூக்கி எறிந்துவிடாதே. அவைதான் உனக்குக் கவசம். சீருடையில் பிடிபட்டவன் போர்க்கைதி. மாறுவேடத்தில் பிடிபட்டவனை உளவாளி என்று சொல்லிவிட முடியும். ரேங்க் பட்டையையும் அடையாள அட்டையையும் உன்னிடமிருந்து பறிக்கக்கூடாது என்று 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. கையைத் தூக்கிச் சரணடைந்தால் முழுமையாகச் சரணடைந்துவிடு. சரணடைவதுபோல் நடித்துச் சுடுவது போர்க்குற்றம். அதன்பின் உண்மையாகவே கை தூக்குகிற உன் தோழனையும் எதிரி நம்பமாட்டான்.

பிடிபட்ட அபிநந்தன் கையில் டீயோடு கேள்விகளுக்குப் பதில் சொன்ன வீடியோவை நாடே பார்த்தது. மரியாதையாகப் பேசினார், டீ நன்றாக இருக்கிறது என்றார். இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, தெற்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன விமானம், என்ன பணி என்று கேட்டபோது, அதைச் சொல்லக்கூடாது, மன்னிக்கவும் என்று முடித்துவிட்டார். இதில் முறைப்பும் இல்லை, குழைவும் இல்லை. ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவுப்படி நீ சொல்லக் கடமைப்பட்டது நான்கே விஷயம்: பெயர், ரேங்க், பிறந்த தேதி, சர்வீஸ் நம்பர். மேற்கொண்டு பதில் சொல்லாததற்காக உன்னை அடிக்கவோ மிரட்டவோ அவமதிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

அடிக்கிறவனை எதிர்த்து மனசு தானாகவே இறுகிக்கொள்ளும். எனக்குப் பயம் அன்பாகப் பேசுகிறவனிடம்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்கு ஹான்ஸ் ஷார்ஃப் என்றொரு விசாரணையாளர் இருந்தார். பிராங்க்பர்ட் அருகே ஓபருர்செல் முகாமில் பிடிபட்ட அமெரிக்கப் போர் விமானிகளை விசாரித்தவர். அவர் கை ஓங்கியதில்லை. கைதியைக் காட்டுப்பாதையில் காலார நடக்கக் கூட்டிப்போவார். அமெரிக்கப் பத்திரிகைச் செய்திகள் உட்பட எல்லாவற்றையும் கோப்புக் கோப்பாகச் சேர்த்து வைத்திருந்ததால், கைதியின் படைப்பிரிவைப் பற்றி அவனுக்கே சொல்லிக் காட்டுவார். இவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கைதி தளர்ந்துவிடுவான். நம் ஊரில் இதைப் 'போட்டு வாங்குவது' என்போம்.

அமெரிக்க விமானங்கள் சுடும்போது சில குண்டுகள் சிவப்புக்குப் பதில் வெள்ளையாகப் புகை கக்குவதை ஜெர்மானியர் கவனித்திருந்தார்கள். காரணம் புரியவில்லை. ஷார்ஃப் கேள்வியே கேட்கவில்லை. உங்கள் நாட்டில் ரசாயனத் தட்டுப்பாடு போலிருக்கிறது என்று பேச்சுவாக்கில் ஒரு பொய்யைப் போட்டார். அதெல்லாம் இல்லை, குண்டு தீரப்போகிறது என்று விமானிக்குத் தெரிவதற்காகத்தான் அந்த வெள்ளை என்று கைதி திருத்தினான். தவறாகச் சொன்னதைத் திருத்தத் தோன்றுவது மனித இயல்பு. அதிலும் நாட்டைக் குறைத்துப் பேசிவிட்டால் ரோஷம் வேறு வந்துவிடும். உஷார்! எதிரி தப்பாகச் சொன்னால் தப்பாகவே இருக்கட்டும். உனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் இடம் அது இல்லை.

அதே முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் போலிப் படிவம் நீட்டினார்கள். நிரப்பிக் கொடு, வீட்டுக்குச் செய்தி போகும் என்றார்கள். உள்ளே படைப்பிரிவு, தளம் என்று கேள்விகள். உண்மையான அட்டை ஒன்று உண்டு, அதை மறுத்துவிடாதே. பிடிபட்ட உடனேயோ, முகாம் சேர்ந்து ஒரு வாரத்துக்குள்ளோ அதை எழுத உனக்கு உரிமை இருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய், உடம்பு எப்படி இருக்கிறது, எந்த முகவரியில் இருக்கிறாய் என்ற செய்தி அதன் வழியாக ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவை அலுவலகத்துக்கும் உன் வீட்டுக்கும் போகும். உன் பெயர் வெளியுலகில் பதிவாகிவிட்டால் உன்னைக் காணாமல் அடிப்பது கடினம். அதனால் உன்னைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் உள்ள இடங்களை நிரப்பு. படையைப் பற்றிக் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிடு.

விசாரணை முடிந்து அறைக்கு வந்தபின்பும் வாய்க்கு ஓய்வு கொடு. லண்டன் அருகே டிரென்ட் பார்க் மாளிகையில் ஜெர்மன் தளபதிகளை பிரிட்டன் சொகுசாக வைத்திருந்தது. சுவரெல்லாம் ஒலிவாங்கி. 1943 மார்ச்சில் வான் தோமா, க்ரூவெல் என்ற இரண்டு தளபதிகள் ராக்கெட்டுகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது அப்படியே பதிவானது. அந்த ஆகஸ்டில் பீனமுண்டே ராக்கெட் தளத்தின் மேல் பிரிட்டிஷ் குண்டுகள் விழுந்தன. அதைப் பற்றி இருவரும் எதிரியிடம் சொல்லவில்லை. சுவருக்குக் காது இருந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தை மதிக்காதவன் கையில் சிக்கினால்? இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். வியட்நாமில் பிடிபட்ட அமெரிக்கர்களைக் கயிற்றால் கட்டி மூட்டு பிசகும்வரை வதைத்தார்கள். அதில் பேசிவிடாதவர் அரிது. ஏழு ஆண்டுக்கு மேல் ஹனோயின் ஹோவா லோ சிறையில் கிடந்த ஜேம்ஸ் ஸ்டாக்டேல் இதைத் தன் ஆட்களுக்கு ஒளிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: தாங்கும்வரை தாங்கு, உடைந்தால் மிகக் குறைவாகக் கொடு, மறுநாள் மறுபடி முதலிலிருந்து மறுக்கத் தொடங்கு. பொதுவில் தலைவணங்காதே, ஒலிபரப்புக்கு உட்காராதே, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே, எல்லாவற்றுக்கும் மேலாகத் தனியாகப் போகாதே. ஒருமுறை உடைந்தவன் வெட்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்தால்தான் எதிரி முழுதாக ஜெயிக்கிறான். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுத்துகளை அடுக்கி, சுவரில் தட்டித் தட்டியே அவர்கள் பேசிக்கொண்டார்கள். 1966-இல் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைக்கப்பட்ட ஜெரமையா டென்டன், 'சித்திரவதை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மோர்ஸ் குறியில் கண் சிமிட்டியே சொன்னார்.

உனக்கு மட்டும் விடுதலை என்று ஆசை காட்டினால் இன்னும் உஷாராக இரு. 1965 போரின் கடைசிக் கட்டத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி நந்தா கரியப்பா, முன்னாள் தலைமைத் தளபதி கரியப்பாவின் மகன். பழைய பழக்கத்தில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் மகனை விட்டுவிட முன்வந்தபோது, அங்கே இருக்கும் எல்லாரும் என் பிள்ளைகள்தான் என்று அப்பா மறுத்துவிட்டார். ஜான் மெக்கெய்னும் 1968-இல் அப்படித்தான் மறுத்தார். முதலில் பிடிபட்டவர் முதலில் வீடு போகட்டும் என்பது அவர்களுக்குள் இருந்த வரிசை.

தப்பிக்க முயல்வது குற்றமல்ல. பிடிபட்டால் அதிகபட்சம் முப்பது நாள் ஒழுங்கு நடவடிக்கை என்பதே ஒப்பந்தம். 1972 ஆகஸ்டில் பருல்கர், கிரேவால், ஹரிஷ் சின்ஹ்ஜி என்ற மூன்று இந்திய விமானிகள் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து வெளியேறினார்கள். ஆப்கன் எல்லைக்குச் சில மைல்தான் பாக்கி. லண்டி கானாவுக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டார்கள். வரைபடத்தில் இருந்த அந்த ரயில் நிலையம் 1932-லேயே மூடப்பட்டிருந்தது. சந்தேகம் வந்துவிட்டது, மாட்டிக்கொண்டார்கள்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. அபிநந்தன் 'தெற்கு' என்று வாயை மூடிக்கொண்ட அதே நேரத்தில், அவர் குடும்பம் எங்கே வசிக்கிறது, அப்பா விமானப்படையில் என்ன பதவியில் இருந்தார் என்பதெல்லாம் நம் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டிருந்தது. பெருமையில் செய்ததுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. அவர் பூட்டிய கதவை நாம் திறந்து கொடுத்தோம்.

இப்படித் திறந்துகொடுத்தது நாம் மட்டும் இல்லை. 1968-இல் வடகொரியா பிடித்து வைத்திருந்த அமெரிக்கக் கப்பல் பியூப்லோவின் மாலுமிகள், பிரசாரப் படங்களுக்கு நிற்கும்போது நடுவிரலை நீட்டினார்கள். ஹவாய்த் தீவில் அது நல்வாழ்த்துச் சைகை என்று காவலர்களை நம்ப வைத்திருந்தார்கள். அக்டோபரில் 'டைம்' பத்திரிகை படத்தை வெளியிட்டு அந்தச் சைகையின் அர்த்தத்தை விளக்கியது. செய்தி வடகொரியாவுக்கு எட்டியது. அந்த மாலுமிகள் வாங்கிய அடியிலேயே மிகக் கொடியது அதன்பிறகு வாங்கியதுதான்.

எனவே, அப்படி ஒரு நாள் வந்தால், உங்கள் முதல் வேலை குடும்பத்தார் அத்தனை பேரின் சமூக வலைதளப் பக்கங்களையும் மூடுவது. சீருடைப் படம், நண்பர்களோடு நிற்கும் படம் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மைக்கோடு வாசலில் நிற்பவரிடம், படை அதிகாரிகள் பேசுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். போனில் யாராவது ராணுவத்திலிருந்து பேசுகிறேன் என்றால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் படைப்பிரிவு எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மாதம் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் எழுதப் பிடிபட்டவருக்கு உரிமை உண்டு. வந்தால் பதில் போடுங்கள். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள், மாடு கன்று போட்டது, கோயில் திருவிழா முடிந்தது என்று எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர் யார் வீட்டுக்கு வந்து விசாரித்தார், அவர் இப்போது எங்கே மாறியிருக்கிறார் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கப்போவது உங்கள் பிள்ளை இல்லை.